நூலைத் திறந்து வைத்து எழுதும் குறிப்பு ஏன் மனத்தில் நிற்பதில்லை? அறிவியல் பாடநூலுக்குக் குறிப்பெடுப்பது பற்றி

பச்சையம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலை வகுப்பில் அறிவியல் பிரிவில் படிக்கும் மாணவி. பாடநூலிலிருந்து குறிப்பெடுப்பதில் எனக்குள்ள சிக்கலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பொதுவான அறிவுரையைவிட, நான் எந்த இடத்தில் தவறுகிறேன் என்று யாரேனும் சுட்டிக்காட்டினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

ஒளிச்சேர்க்கைப் பாடம் எங்கள் நூலில் 22 பக்கம். அதற்கு நான் எடுத்த குறிப்பு 17 பக்கம் வந்தது. மூன்று மாலைப்பொழுதுகள் அதற்கே போயின. தலைப்புக்கு ஒரு நிறம், வரையறைக்கு ஒரு நிறம், முக்கியமான வரிகளுக்குப் பச்சை மை என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். முடித்தபோது பாடம் முழுவதும் கைவசமாகிவிட்டது என்ற நிறைவு இருந்தது. பத்து நாள் கழித்து வந்த வகுப்புத் தேர்வில், ஒளிச்சேர்க்கையின்போது வெளிவரும் ஆக்சிஜன் எந்தப் பொருளிலிருந்து வருகிறது என்று கேட்டிருந்தார்கள். கார்பன் டை ஆக்சைடிலிருந்து என்று சற்றும் தயங்காமல் எழுதினேன். வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைப் புரட்டினால், வெளியாகும் ஆக்சிஜன் நீரிலிருந்து வருகிறது என்ற வரி என் கையெழுத்திலேயே, பச்சை மையில், அடிக்கோட்டுடன் இருக்கிறது. எழுதியது என் கைதான். ஆனால் அந்த வரியை எப்போதாவது படித்ததாகவே எனக்கு நினைவில்லை.

எதை எழுதுவது, எதை விடுவது? படிக்கும்போதே எழுத வேண்டுமா, படித்து முடித்த பிறகா? படங்களை என்ன செய்வது? இந்த மூன்றுக்கும் உங்கள் அனுபவத்திலிருந்து விடை சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரும்பலகை எழுதியது:

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளில் இரண்டாவதே மற்ற இரண்டுக்கும் வேர் என்று நினைக்கிறேன், அம்மா. பல ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில், நூற்றுக்கணக்கான குறிப்பேடுகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் அழகான குறிப்பேட்டுக்கும் நல்ல விடைத்தாளுக்கும் இடையே நான் எந்தத் தொடர்பையும் கண்டதில்லை. கண் நூலிலும் கை தாளிலும் இருக்கும்போது ஒரு சொற்றொடர் கண்ணிலிருந்து நேராகக் கைக்கு இறங்கிவிடுகிறது. அது பொருளாக மாறுவதற்கு இடையில் நேரமே கிடைப்பதில்லை. நீங்கள் அந்த வரியைப் படித்ததாக நினைவில்லை என்று எழுதியது மிகச் சரியான கவனிப்பு. நீங்கள் அதைப் பெயர்த்தெழுதினீர்கள், படிக்கவில்லை.

ஆகவே நான் மாணவர்களிடம் வலியுறுத்தி வந்தது ஒன்றே ஒன்றுதான்: எழுதும்போது நூல் மூடியிருக்க வேண்டும். முதலில் எழுதுகோலைத் தொடாமல் பாடத்தின் துணைத்தலைப்புகளையும், படங்களையும், இறுதியிலுள்ள வினாக்களையும் பத்து நிமிடம் பார்த்துவிடுங்கள். வினாக்களை முன்கூட்டியே பார்ப்பது குறுக்குவழி என்று சிலர் தயங்குவார்கள். அப்படித் தயங்கத் தேவையில்லை, எதைத் தேடிப் படிக்கிறோம் என்று தெரிந்து படிப்பவருக்குப் பாடம் வேறுவிதமாகத் தென்படும். பிறகு ஒரு துணைத்தலைப்பின் கீழுள்ள பகுதியை முழுவதுமாகப் படியுங்கள். நூலை மூடுங்கள். அந்தப் பகுதி சொன்னதை, நூலைப் பார்க்காத ஒரு தோழிக்கு விளக்குவதுபோல உங்கள் சொற்களில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் நூலைத் திறந்து, விட்டுப்போனதையும் தவறாக எழுதியதையும் சிவப்பு மையில் அதே தாளில் திருத்துங்கள். நிறம் தேவைப்படும் இடம் இது ஒன்றுதான். தேர்வுக்கு முந்தைய நாள் நேரம் குறைவாக இருந்தால், சிவப்பு மையில் உள்ளதை மட்டும் படித்தாலும் போதும், ஏனெனில் உங்கள் மனம் எங்கெல்லாம் வழுக்கியது என்பதற்கு அதைவிட நேர்மையான பட்டியல் வேறில்லை.

உங்கள் ஆக்சிஜன் பிழையையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பிழை அறியாமையால் வந்ததன்று. தாவரம் கார்பன் டை ஆக்சைடை உள்ளே எடுக்கிறது, அதன் பெயரிலேயே ஆக்சிஜன் இருக்கிறது, வெளியே வருவதும் ஆக்சிஜன். ஆகவே இரண்டையும் இணைப்பது மனத்துக்கு மிக இயல்பான செயல். இப்படிப்பட்ட இடத்தில் நீரிலிருந்து வருகிறது என்று மட்டும் எழுதும் குறிப்பு தோற்றுவிடும். ஏன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வரவில்லை என்பதும் அதன் அருகிலேயே இருக்க வேண்டும்: ஒளி ஆற்றலால் நடக்கும் முதற்கட்டமான ஒளிவினையில் பிளக்கப்படுவது நீர் மூலக்கூறு, ஆக்சிஜன் வெளியேறுவதும் அங்கேதான், கார்பன் டை ஆக்சைடு அதன் பிறகு நடக்கும், சர்க்கரையை உருவாக்கும் கால்வின் சுழற்சியில்தான் பங்கெடுக்கிறது. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்தால் இன்னும் நன்று. 1941-இல் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் அவர்களுடைய குழுவினரும் கனமான ஆக்சிஜன்-18 ஐசோடோப்பு (அதே தனிமத்தின் வேறு நிறையுள்ள அணு) கலந்த நீரைப் பாசிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளிவந்த வாயுவிலும் அதே ஐசோடோப்பு இருந்தது. ஒரு செய்தி எப்படி அறியப்பட்டது என்பதோடு சேர்த்து எழுதப்பட்டால், அதை மறப்பது கடினம் என்பது என் அனுபவம்.

இரவுப்பாடம் எழுதியது:

ஐயா சொல்வது பள்ளி மாணவர்களுக்குப் பொருந்தலாம். நான் வேலைக்குச் சென்றுகொண்டே, பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு உயிரியலும் வேதியியலும் படிக்கிறேன். நூலை மூடினால் எனக்குத் தாள் வெறுமையாகவே இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா, தைலகாய்டு, ரைபோசோம் என்று ஒரே பக்கத்தில் ஏழெட்டுப் புதிய பெயர்கள் வரும்போது, எது எதைச் செய்கிறது என்பது மூடிய கணத்திலேயே கலைந்துவிடுகிறது. பார்த்து எழுதினால் அந்தப் பெயர்களாவது கைக்குப் பழகுகின்றன. இரவில் எனக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதில் வெறுந்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மனச்சோர்வைத்தான் தருகிறது.

நுண்ணோக்கி எழுதியது:

இரவுப்பாடம் அவர்களின் சிக்கல் மிகவும் உண்மையானது, அதை முயற்சிக் குறைவு என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. கல்லூரியில் உயிரியல் படிக்கத் தொடங்கிய முதல் ஆறு மாதம் எனக்கும் அதே நிலைதான். இதில் இரண்டு தனித்தனி வேலைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பெயர்களைப் பழகுவது ஒன்று, நிகழ்வைப் புரிந்துகொள்வது மற்றொன்று. பெயர்களுக்கு மட்டும் தனியாக ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் ஏழெட்டுச் சொற்களுக்கு மிகாத விளக்கம். இதை நூலைப் பார்த்தே எழுதலாம், அதில் தவறில்லை. பகுதியைப் படிக்கும் முன் இந்தத் தாளை ஐந்து நிமிடம் தயாரித்துவிட்டால், படிக்கும்போது பெயர்கள் தடுக்கிவிடுவதில்லை. அடுத்து, மூடி எழுதும் அளவைக் குறையுங்கள். ஒரு துணைத்தலைப்பு முழுவதும் கனமாக இருந்தால் ஒரே ஒரு பத்தியைப் படித்து மூடுங்கள். மூன்று வரி வந்தாலும் போதும். இரண்டு வாரத்தில் அந்த அளவு தானாகவே நீளும்.

படங்களைப் பற்றிப் பச்சையம் கேட்டதற்கு வருகிறேன், ஏனெனில் உயிரியலில் பாதிப் பாடம் படத்தில்தான் இருக்கிறது. பாடநூல் படத்தைப் பார்த்து அப்படியே வரைவது ஓவியப் பயிற்சியாக முடிந்துவிடும். நான் செய்வது இதுதான். இதயத்தின் படத்தை இரண்டு நிமிடம் கூர்ந்து பார்ப்பேன். பிறகு மூடிவிட்டு, நான்கு கட்டங்களை மட்டும் வரைவேன்; இதயத்தின் வடிவம் தேவையில்லை. ஒரு சிவப்பணு உடலிலிருந்து திரும்பி வரும் இடத்தில் தொடங்கி, அது எந்த அறைக்குள் நுழைகிறது, எந்த வால்வைக் கடக்கிறது, எப்போது நுரையீரலுக்குப் போகிறது, எந்தப் பக்கமாகத் திரும்புகிறது என்று அம்புக்குறிகளால் அதைப் பின்தொடர்வேன். அம்பு நிற்கும் இடத்தில் என் அறிவும் நின்றுவிட்டது என்று பொருள். அங்கே நூலைத் திறக்க வேண்டும்.

அம்புகளை வரைந்து முடித்த பிறகு, படத்தின் ஒவ்வொரு விந்தையான அம்சத்துக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு கேள்வி எழுதுவேன். இடது வெண்ட்ரிக்கிளின் (இதயத்தின் கீழறை) சுவர் ஏன் வலதைவிடத் தடித்திருக்கிறது? அது உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ள வேண்டும், வலது வெண்ட்ரிக்கிள் அருகிலிருக்கும் நுரையீரலுக்கு மட்டும் அனுப்பினால் போதும். நுரையீரல் தமனியை ஏன் தமனி என்கிறோம், அதில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த இரத்தமாயிற்றே? தமனி என்ற பெயர் இரத்தத்தின் தன்மையைப் பார்த்து வைத்ததன்று. இதயத்திலிருந்து வெளியே கொண்டு செல்லும் குழாய் என்பதால் வைத்தது. தமனியில் ஆக்சிஜன் மிகுந்த இரத்தம் ஓடும் என்று மனப்பாடம் செய்தவர்கள் எல்லோரும் இந்த ஒரே இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பெயரின் காரணத்தைக் குறித்துக்கொண்டவர்களுக்கு அது விதிவிலக்காகவே தெரிவதில்லை.

அளவுகோல் எழுதியது:

நூலை மூடி எழுதுவது பற்றிக் கரும்பலகை ஐயா சொன்னதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது என்பதால் அதைக் குறிப்பிட விரும்புகிறேன். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் எழுதப்பட்ட சிறு பகுதிகளைக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு சுற்றுகளிலும் பகுதியைப் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றுகளில் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்துக்கொண்டே இருந்த குழுதான் முன்னே நின்றது: அவர்களுக்கு 83 விழுக்காடு, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. படித்தவர்கள் 40 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள், எழுதியவர்களோ 61-இல் நின்றார்கள். இன்னொரு செய்தி பச்சையத்தின் கடிதத்தோடு நேராகப் பொருந்துகிறது: ஒரு வாரத்துக்குப் பின் எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது, மிகுந்த நம்பிக்கையோடு இருந்தவர்கள் திரும்பத் திரும்பப் படித்த குழுவினரே. பதினேழு பக்கம் எழுதி முடித்ததும் உங்களுக்கு ஏற்பட்ட நிறைவும் அதே வகையானது.

குறிப்பெடுப்பதை ஆதரிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஜான் டன்லாஸ்கி முதலானோர் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டார்கள். அடிக்கோடிடுதல், மீண்டும் படித்தல், சுருக்கி எழுதுதல் ஆகிய மூன்றும் குறைந்த பயனுடையவை என்ற வரிசையில் வந்தன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், படிப்பை நாட்கணக்கில் இடைவெளி விட்டுப் பரப்புவதும் மட்டுமே உயர்ந்த பயனுடையவை என்ற இடத்தைப் பெற்றன. சுருக்கி எழுதுதல் ஏன் கீழே வந்தது என்றால், நன்றாகச் சுருக்கத் தெரிந்தவர்களுக்கு அது உதவுகிறது. பயிற்சி இல்லாதவர்களுக்கு எது சாரம், எது சக்கை என்று பிரிக்கவே தெரிவதில்லை. ஆகவே என் குறிப்பில் அறிக்கை வாக்கியங்களைவிடக் கேள்விகளே மிகுதியாக இருக்கும். தாளின் இடப்பக்கம் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு கோடு போட்டு, குறிப்பை வலப்பக்கம் எழுதிவிட்டு, அந்தக் குறிப்பு எந்தக் கேள்விக்கு விடையாகுமோ அந்தக் கேள்வியை இடப்பக்கம் எழுதுகிறேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் 1950களில் வகுத்த தாள் அமைப்புதான் இது. பலரும் அந்தக் கோட்டைப் போடுகிறார்கள். ஆனால் வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு இடப்பக்கக் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பார்ப்பதில்லை. அதைச் செய்யாவிட்டால் அந்தக் கோட்டால் தாளின் அகலம் குறைவதைத் தவிர வேறு பயனில்லை.

வினாத்தாள் எழுதியது:

வரையறைகளைச் சொந்தச் சொற்களில் எழுதினால் மதிப்பெண் குறைகிறது. பாடநூலில் உள்ள சொற்களையே எதிர்பார்க்கிறார்கள். ஆகவே எல்லாவற்றையும் சொந்த நடையில் எழுதுங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்வது அவர்களுக்கு நல்லதன்று. குறிப்பை அழகுப் பிரதியாகத் திரும்ப எழுதுவதும் வீண் என்று இங்கே பலர் கருதுவதாகத் தோன்றுகிறது. ஆனால் கிறுக்கலாக இருக்கும் தாளை ஆறு மாதம் கழித்து யார் படிப்பது?

கரும்பலகை எழுதியது:

வினாத்தாள் சொல்வதில் முதற்பகுதியை முழுமையாக ஏற்கிறேன். விதிகளும் வரையறைகளும் சொல்லுக்குச் சொல் எழுதப்பட வேண்டியவையே. மதிப்பெண்ணுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அறிவியலில் ஒரு வரையறையின் ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலையைச் செய்கிறது. ஓம் விதியை எழுதச் சொன்னால், கடத்தியின் இரு முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு அதில் பாயும் மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று எழுதிவிட்டு, வெப்பநிலை மாறாதபோது என்ற சொற்களைப் பலர் விட்டுவிடுவார்கள். சொந்த நடை அந்தச் சொற்களைத்தான் முதலில் உதிர்க்கும். அந்தச் சொற்கள் இல்லாவிட்டால் சூடாகி ஒளிரும் மின்விளக்கின் இழைக்கும் விதி அப்படியே பொருந்தும் என்று ஆகிவிடும். அங்கே வெப்பநிலை உயர உயர மின்தடையும் கூடுகிறது, மின்னழுத்தத்தை இரு மடங்காக்கினாலும் மின்னோட்டம் இரு மடங்காவதில்லை. எனவே வரையறையை நூலில் உள்ளபடியே எழுதுங்கள். அதன் கீழே, எந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அது பொய்யாகிவிடும் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த இரண்டாவது வரி உங்கள் சொந்தச் சொற்களில் இருக்கட்டும்.

சூத்திரங்களுக்கும் இதே கவனம் தேவை. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் நாற்பது சூத்திரங்களை வரிசையாக எழுதி வைப்பது மிகப் பரவலான பழக்கம். அந்தப் பக்கத்தால் பயனடைந்தவர்களைவிட அதனால் ஏமாந்தவர்களையே மிகுதியாகக் கண்டிருக்கிறேன். சூத்திரத்தில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் எதைக் குறிக்கிறது, அதன் அலகு என்ன, எந்த நிபந்தனையில் அது செல்லும் என்ற மூன்றும் அருகில் இல்லாவிட்டால் அது வெறும் எழுத்துக் கோவைதான். இயக்கச் சமன்பாடுகள் மூன்றும் முடுக்கம் மாறாமல் இருக்கும்போது மட்டுமே செல்லும். இந்த ஒரு வரியைக் குறித்துக்கொள்ளாத மாணவர்கள், முடுக்கம் நேரத்தோடு மாறும் கணக்கிலும் அவற்றைப் பயன்படுத்திப் பக்கம் பக்கமாகச் சரியாகக் கணக்கிட்டுத் தவறான விடையை அடைந்திருக்கிறார்கள். அந்த விடைத்தாள்களைத் திருத்தும்போது மனம் வருந்தும், ஏனெனில் உழைப்பில் குறையே இருக்காது.

தீர்வுடன் தரப்பட்ட எடுத்துக்காட்டுக் கணக்குகளைக் குறிப்பில் படியெடுக்காதீர்கள். கணக்கை மட்டும் எழுதி, முதல் அடி ஏன் அந்த அடியாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும். சாய்தளத்தில் ஒரு பொருள் இருந்தால் ஏன் எடையை இரண்டு கூறுகளாகப் பிரிக்கிறோம், ஏன் கிடைத்தளத்தையும் செங்குத்தையும் விட்டுவிட்டுச் சாய்தளத்தை ஒட்டியே அச்சுகளை எடுக்கிறோம்? இதற்கு விடை தெரிந்தவர் எஞ்சியதைத் தாமே செய்துகொள்வார்.

அழகுப் பிரதியைப் பற்றி ஒன்று. மைக்கேல் ஃபாரடே புத்தகம் கட்டும் தொழிலில் பயிற்சி பெறும் இளைஞராக இருந்தபோது, 1812-இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் நான்கு விரிவுரைகளைக் கேட்டார். அரங்கில் சுருக்கமாக எழுதிக்கொண்டதை வீட்டுக்கு வந்து விரிவாக எழுதினார். படங்களும் சேர்த்து, ஏறத்தாழ 300 பக்கம் கொண்ட தொகுதியாகத் தம் கையாலேயே கட்டி, டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டு டேவியின் உதவியாளராகச் சேர்ந்தார். இது அழகுப் பிரதிதான், ஆனால் படியெடுத்தல் அன்று. அரங்கிலிருந்து கொண்டு வந்த சில வரிகளிலிருந்து முழு விரிவுரையையும் அவர் மனத்தில் மறுபடியும் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது. உங்கள் கிறுக்கல் தாளை நீங்கள் திரும்ப எழுத விரும்பினால் அவ்வாறு எழுதுங்கள்: பழைய தாளில் தலைப்புகளும் கேள்விகளும் மட்டும் கண்ணில் படட்டும், எஞ்சியதை மறைத்துக்கொண்டு எழுதுங்கள்.

சோதனைக்குழாய் எழுதியது:

வேதியியலைப் பற்றி யாரும் எழுதாததால் சுருக்கமாகச் சேர்க்கிறேன். வினைகளைச் சமன்பாடாக மட்டும் எழுதி வைப்பவர்கள், அந்த வினை கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதைத் தவறவிடுகிறார்கள். நான் ஒவ்வொரு வினைக்கும் என்ன காண்போம், ஏன் என்ற இரண்டையும் எழுதுவேன். தாமிர சல்பேட்டுக் கரைசலில் இரும்பு ஆணியை வைத்தால், நீலநிறம் மங்குகிறது, ஆணியின் மேல் செம்பழுப்புப் படிவு உண்டாகிறது. ஏன்? இரும்பு தாமிரத்தைவிட வினைத்திறன் மிக்கது, அது தாமிரத்தை உப்பிலிருந்து வெளியேற்றிவிட்டுத் தான் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது; நீலநிறத்துக்குக் காரணமான தாமிர அயனிகள் கரைசலில் குறைகின்றன. இப்படி எழுதிவிட்டால், இரும்பு சல்பேட்டுக் கரைசலில் தாமிரத் தகட்டை வைத்தால் என்ன நடக்கும் என்ற கேள்விக்குத் தனிக் குறிப்பே தேவைப்படாது. ஒன்றும் நடக்காது என்பது முதல் குறிப்பிலேயே அடங்கியிருக்கிறது.

இன்னொரு சிறு பழக்கம்: ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும் நூலின் பக்க எண்ணை எழுதிவிடுங்கள். நூலிலேயே எல்லாம் இருக்கிறது, அதை உடனே கண்டுபிடிக்க முடியும் என்ற துணிவு இருந்தால்தான் குறிப்பிலிருந்து ஒன்றை விட்டுவிட மனம் வரும். அச்சத்தால்தான் குறிப்பு 17 பக்கமாகிறது.

இரவுப்பாடம் எழுதியது:

கணினியில் தட்டச்சு செய்வதைவிடக் கையால் எழுதுவது நல்லது என்று எங்கும் சொல்கிறார்களே, அது உறுதியான செய்தியா? எனக்குத் தட்டச்சுதான் விரைவு.

அளவுகோல் எழுதியது:

அந்தக் கருத்து பரவக் காரணம், பாம் முல்லரும் டேனியல் ஓப்பன்ஹைமரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு. மடிக்கணினியில் எழுதியவர்கள் விரிவுரையைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்ய முனைந்தார்கள், கருத்துநிலைக் கேள்விகளில் பின்தங்கினார்கள் என்று அவர்கள் கண்டார்கள். பின்னர் வேறு ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது தேர்வு முடிவுகளில் அந்த வேறுபாடு தெளிவாக வரவில்லை. தவிர, அது விரிவுரைக் குறிப்பு பற்றியது, பாடநூல் குறிப்பு பற்றியதன்று. நூல் மூடியிருந்தால் படியெடுக்க வழியே இல்லை என்பதால், தட்டச்சா கையெழுத்தா என்பது உங்களுக்குப் பெரிய பொருட்டன்று என்பது என் கருத்து. படங்களும் சமன்பாடுகளும் வரும் இடத்தில் மட்டும் தாள் எளிது.

மீள்பார்வைக்கு எத்தனை நாள் இடைவெளி என்று யாரேனும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே கணக்கு கிடையாது. மறுநாள், அந்த வாரக் கடைசி, அடுத்த மாதம் என்ற அளவில் நான் செய்கிறேன். செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் அறிமுகப்படுத்திய அட்டைப்பெட்டி முறையில், சரியாக விடை சொன்ன அட்டை நீண்ட இடைவெளிக்குரிய அறைக்கு நகரும்; தவறியது முதல் அறைக்கே திரும்பும். வேதியியல் பெயர்களுக்கும் அலகுகளுக்கும் அது நன்றாக உதவுகிறது. இரத்த ஓட்டம் போன்ற நீண்ட நிகழ்வுகளை அட்டைகளாக நறுக்குவதை நான் விரும்புவதில்லை. துண்டுகள் நினைவில் இருக்கும், அவற்றை இணைக்கும் கண்ணி காணாமற்போகும்.

பச்சையம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நேரம் ஒதுக்கி விடை எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. தாவரங்களில் கடத்துதல் என்ற பாடத்தை நீங்கள் சொன்னபடி படித்தேன். நூலில் 19 பக்கம், என் குறிப்பு ஐந்து பக்கம். எடுத்துக்கொண்ட நேரம் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் நாள் ஒரு பகுதியைப் படித்துவிட்டு மூடியபோது நான்கு வரிகூட எழுத முடியாமல் அழுகை வந்துவிட்டது. நுண்ணோக்கி அவர்கள் சொன்ன பெயர்த்தாளைத் தயாரித்த பிறகுதான் நகர முடிந்தது. பாடம் முழுவதற்கும் ஒரே தாளில் கருத்து வரைபடம் போடவும் முயன்றேன், அது ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு எனக்கே புரியாமற்போனதால் விட்டுவிட்டேன்.

சிவப்பு மையில் மொத்தம் பதினான்கு திருத்தங்கள் வந்தன. அவற்றில் ஒன்றை மூன்று முறை மூடி எழுதியும் மூன்று முறையும் தவறாகவே எழுதினேன். விரவலில் மூலக்கூறுகள் அடர்வு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போகின்றன. சவ்வூடு பரவலில் நீர் அடர்வு குறைந்த கரைசலிலிருந்து அடர்வு மிகுந்த கரைசலுக்குப் போகிறது. இரண்டும் எதிரெதிராக இருப்பதால் எது எதற்கு என்று மாறிவிடுகிறது. இதை நினைவில் வைக்க வழி உண்டா?

நுண்ணோக்கி எழுதியது:

பதினான்கு திருத்தங்கள் என்பதைக் கேட்டு எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. பழைய 17 பக்கங்களில் அவை ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஒரே இடத்தில் மூன்று முறை தவறினால், அது நினைவாற்றலின் குறையன்று, அந்த இடத்தில் புரிதலில் ஏதோ ஒன்று முடிச்சாக இருக்கிறது என்று பொருள். நினைவுச் சூத்திரம் எதையும் தேடாதீர்கள்.

இரண்டு வாக்கியங்களிலும் அடர்வு என்ற சொல் வருகிறது, ஆனால் எதன் அடர்வு? முதல் வாக்கியத்தில் நகரும் பொருளின் அடர்வைச் சொல்கிறோம். இரண்டாவது வாக்கியத்தில் நகர்வது நீர், அடர்வு என்று சொல்வதோ கரைந்திருக்கும் சர்க்கரையின் அல்லது உப்பின் அடர்வை. இந்த நிலையில், நீரை மட்டும் நினைத்துப் பார்த்து அந்த இரண்டாவது வாக்கியத்தை நூலைப் பார்க்காமல் திரும்ப எழுதிப் பாருங்கள்.

பச்சையம் எழுதியது:

எழுதிவிட்டேன். நீர்த்த கரைசலில் நீரின் பங்கு மிகுதி, அடர்ந்த கரைசலில் நீரின் பங்கு குறைவு. ஆகவே நீர், தான் மிகுதியாக இருக்கும் இடத்திலிருந்து தான் குறைவாக இருக்கும் இடத்துக்கு, கரைபொருளை விடாமல் தன்னை மட்டும் விடும் சவ்வு வழியாகப் போகிறது. இரண்டும் எதிரெதிர் அல்ல, ஒரே திசைதான். பழைய இரண்டு வரிகளையும் அடித்துவிட்டு இதை எழுதியிருக்கிறேன். இடப்பக்கத்தில் எழுதிய கேள்வி: எதன் அடர்வு?

கரும்பலகை எழுதியது:

அந்தக் கேள்வியை அழிக்காமல் வைத்திருங்கள், அம்மா. வேதியியலில் கரைசல்கள் பாடம் வரும்போது அதே இரண்டு சொற்கள் மறுபடியும் தேவைப்படும்.

இரவுப்பாடம் எழுதியது:

நேற்றிரவு செல் பிரிதலில் ஒரு பத்தியை மட்டும் படித்து மூடினேன். ஆறு வரி வந்தது. குரோமோசோம்கள் செல்லின் நடுவே வரிசையாக நிற்பது அனாஃபேஸ் நிலையில் என்று எழுதியிருந்தேன். திறந்து பார்த்தபோது அது மெட்டாஃபேஸ் என்று தெரிந்தது. சிவப்பில் திருத்தியிருக்கிறேன். இன்றிரவு அடுத்த பத்திக்குப் போகும் முன் அந்த ஒரு வரியைப் பார்க்காமல் எழுதிப் பார்க்கப் போகிறேன்.